ஏன் உங்களுக்குத் தரவேண்டும்?

எங்கள் ஊரில் அரைவாசிப் பேருக்கு நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில்தான் வேலை கிடைத்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம் போய் வலப்பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். தபால்காரர், பிரதேச சபையின் சாரதி, ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் என்று நாலைந்து பேர் இன்றைக்கும் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "அக்கா சுகமோ?" என்று கேட்பார்கள். அவ்வளவு மரியாதை. எனக்கு மட்டும் வேலை இல்லை. நூலகவியல் டிப்ளோமா முடித்துப் பதின்மூன்று வருடமாகிறது. அந்தச் சான்றிதழ் அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் கிடக்கிறது. இரண்டையும் வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு எடுத்து வைப்பேன்.

என்னிடம் இன்னொரு பழக்கம் இருக்கிறது. ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறெங்கோ போய்விடுவேன். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கும். நான் ஒரு பெரிய வாசிகசாலையில் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருப்பேன். யாராவது வந்து முன்னால் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. அந்த நேரத்தில் என் கணவர் சுமன் வந்தவர்களிடம், "அவா இப்ப வீட்டில இல்லை, கொஞ்சம் பொறுத்து வாங்கோ" என்பார். நான் அங்கேயே, கையில் அகப்பையோடு நின்றுகொண்டிருப்பேன்.

ஆனி மாதம் தொடக்கத்தில் றாபியா எனக்கு ஒரு விளம்பரத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பினாள். றாபியாவும் நானும் வவுனியாவில் ஒன்றாக டிப்ளோமா படித்தவர்கள். அவள் புத்தகத்தை விட்டுவிட்டு, இப்போது வவுனியாவில் ஒரு கம்பனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பகுதியில் இருக்கிறாள். ஒரு நாளைக்குப் பத்துப் பேரைக் கேள்வி கேட்டு வியர்க்க வைத்து அனுப்புவது அவளுடைய தொழில். விளம்பரம் இதுதான்: வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு நிதியம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பழைய பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, தட்டுகள் அடித்து, நடமாடும் நூலகமாக மாற்றியிருக்கிறார்கள். மாங்குளத்தில் நின்று இருபத்திரண்டு கிராமங்களுக்குப் போகும். அதற்கு ஒரு நூலகர் வேண்டும். வயது நாற்பதுக்குள் இருக்கவேண்டும்.

ஆவணியில் எனக்கு நாற்பது முடிகிறது. இதற்குப் பிறகு இப்படி ஒன்று வந்தாலும் அது எனக்கு வராது. ஒரு தரம் வாசித்ததுமே எனக்கு அது விளங்கிவிட்டது.

விளம்பரத்தில் பஸ்ஸின் படம் இருந்தது. இளம் பச்சை நிறம். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து நான் அதில் ஏறிவிட்டேன். ஒலுமடு தாண்டி, அம்பகாமம் தாண்டி, இரண்டு பக்கமும் தேக்கங்காடு. பஸ் ஆடி ஆடிப் போகிறது, தட்டில் இருக்கிற புத்தகங்களும் கூடவே தலையாட்டுகின்றன. ஏதோ ஒரு சந்தியில் நிற்கிறோம். குளத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த ஒரு சின்னப் பிள்ளை படியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலை வைக்கப் பயந்து நிற்கிறது. நான் ஒன்றும் பேசாமல் ஒரு படப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இந்த இடம் வந்ததும் எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். கோழிக்குத் தீன் போடும்போதும் கலங்கியது, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் கலங்கியது. கத்தரிக்காய்க்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்ததும் றாபியா பதினொரு குரல் செய்தி அனுப்பினாள். ஒவ்வொன்றையும் கேட்டுக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"இஞ்ச கேள் சுகந்தி. உள்ள போனோடனை கதிரையில விழாதை. இருங்கோ எண்டு சொன்னாப் பிறகு இரு. சேலைத் தலைப்பைத் திருகாதை, அது உன்ர பழக்கம், எனக்குத் தெரியும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேட்டா, பிறந்த கதையில தொடங்காதை. என்ன படிச்சனான், என்ன செய்வன், ரெண்டு நிமிசம், முடிஞ்சுது. தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லு, சும்மா அளக்காதை. அங்கை போயிருந்து கனவு காணாதை, அல்லாவுக்காகக் கேக்கிறன்."

கடைசிச் செய்தியில் குரலை இறக்கிப் பேசினாள்.

"முடியிற நேரம் ஒரு கேள்வி வரும். மற்ற ஆக்களை விட்டிட்டு ஏன் உங்களுக்குத் தரவேணும் எண்டு கேப்பினம். அதுதான் முக்கியம். எனக்கு இந்த வேலை தெரியும், என்னால செய்ய ஏலும், எனக்கு இது வேணும். இந்த மூண்டையும் சொல்லிப்போட்டு வாயை மூடு. அதுக்குப் பிறகு ஒரு சொல்லும் வரப்படாது. விளங்கிச்சோ?"

அன்று பின்னேரம் சுமனை நேர்முகக் குழுவாக இருத்தினேன். அவர் முற்றத்தில் மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலே கலண்டர் தாளைப் பார்த்துக் கேட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஏதோ கமக்காரர் கூட்டத்தில் உரமானியம் பற்றிக் கேட்கிற மாதிரி அவ்வளவு கடுமையாக இருந்தார்.

"மற்ற ஆக்களை விட்டிட்டு ஏன் உமக்குத் தரவேணும்?"

"எனக்கு இந்த வேலை தெரியும், என்னால செய்ய ஏலும், எனக்கு இது வேணும்."

"திருப்பிச் சொல்லும்."

எட்டுத் தடவை சொன்னேன். எட்டாவது தடவை எங்கள் நாய் கூட எழும்பிப் போய்விட்டது. சுமன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"வேலை கிடைச்சா பின்னேரம் எத்தினை மணிக்கு வருவீர்?"

"ஐஞ்சரைக்கு வந்திடுவன்."

"அப்ப நான் சோறு வைக்கப் பழகோணும்" என்றார். பகிடி என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலை குசினியில் அரிசி களைகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மனுசன் பானைக்குள் விரலை விட்டுத் தண்ணீர் அளந்துகொண்டிருந்தார். இந்த வேலை எனக்குக் கிடைக்கத்தான் வேண்டும் என்று அப்போது பயத்தோடேயே நினைத்தேன்.

நேர்முகப் பரீட்சை அன்று விடிய நாலு மணிக்கு ஒரு தேத்தண்ணி குடித்ததோடு சரி. கிளிநொச்சி வரும்வரைக்கும் விழித்திருந்தேன். பிறகு காடு தொடங்கியது, வெயில் மரங்களுக்கிடையால் வந்து மடியில் விழுந்து விழுந்து போனது, நான் எங்கள் பச்சை பஸ்ஸுக்குப் போய்விட்டேன். கண்டக்டர் தோளில் தட்டி, "அக்கா, மாங்குளம்" என்று சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

புகையிரத நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீட்டில்தான் நிதியத்தின் அலுவலகம். அதன் முன்னால் வேப்பமரத்துக்குக் கீழே அந்த பஸ் நின்றது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. கிட்டப் போய் யாரும் பார்க்காத நேரம் அதன் பக்கத்தில் கையை வைத்தேன். வெயிலில் நின்று சூடாகியிருந்தது.

விறாந்தையில் ஒரு நீள வாங்கு. அதில் நாலு பெண்கள் இருந்தார்கள். மல்லாவியிலிருந்து வந்த அனோஜா, இருபத்துநாலு வயது, முதல் நேர்முகம். ஒட்டுசுட்டானிலிருந்து ஞானேஸ்வரி, முன்பள்ளி ஆசிரியை, என் வயதுதான் இருக்கும். துணுக்காயிலிருந்து இன்னும் இரண்டு பேர். வன்னியில் ஐந்து பெண்களை ஒரு வாங்கில் அரை மணித்தியாலம் இருத்தினால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஞானேஸ்வரியின் மச்சாள் சுமனின் ஒன்றுவிட்ட தம்பியைத்தான் கலியாணம் முடித்திருக்கிறா என்பதும், ஆவணியோடு எனக்கு வயது முடிகிறது என்பதும் பத்து நிமிடத்தில் வெளியில் வந்தன. அனோஜாவின் சேலை மடிப்புக் குழம்பியிருந்தது, எழுப்பி நிற்பாட்டித் திருப்பி மடித்துக் குத்திவிட்டேன். ஞானேஸ்வரி ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்திருந்தா. ஐந்தாகப் பிய்த்தோம்.

"எனக்குப் பயமாக் கிடக்குதக்கா" என்றாள் அனோஜா. "என்ன கேப்பினம் எண்டே தெரியாது."

நான் கலண்டர் தாளை வெளியில் எடுத்தேன். றாபியா கண்டிருந்தால் என்னைக் கொன்றிருப்பாள். பதினொரு குரல் செய்தியையும் அந்த வாங்கில் இருந்து ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்லிக் கொடுத்தேன். கடைசிக் கேள்விக்கு என்ன மறுமொழி என்பதையும் சொன்னேன். ஐந்து பேரும் மெதுவான குரலில் சேர்ந்து சொல்லிப் பார்த்தோம். எனக்கு இந்த வேலை தெரியும், என்னால செய்ய ஏலும், எனக்கு இது வேணும். துணுக்காய்ப் பிள்ளை ஒருத்தி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

முதல் பெயர் என்னுடையது.

அறைக்குக் கதவு இல்லை, ஒரு சீலைத் திரைதான். உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பெயர் தர்ஷன். முப்பது வயது மதிக்கலாம். கனடாவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தாய் தகப்பன் கதைக்கிற தமிழை அப்படியே பொத்திப் பொத்திக் கொண்டு வந்திருந்தார். மேசையில் ஒரு மடிக்கணினி. அதன் திரையில் லண்டனில் இருக்கிற நிதியத்து அம்மா ஒருவர். அவவின் வாய் முன்னால் அசைய, குரல் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது.

இருங்கோ என்று சொன்ன பிறகு இருந்தேன். சேலைத் தலைப்பைத் தொடவில்லை.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" தர்ஷன் பிளாஸ்கைத் திறந்தார். இஞ்சி வாசம் வந்தது.

"வேண்டாம் தம்பி, இப்பதான் குடிச்சனான்."

"ஓகே" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்கை மூடி அந்தப் பக்கம் வைத்தார். நான் அதைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தேன். தொண்டை வறண்டிருந்தது.

பிறகு எல்லாம் நன்றாகத்தான் போனது. என்னைப் பற்றி இரண்டு நிமிடத்தில் சொன்னேன். வாசிப்பே இல்லாத ஊரில் பஸ்ஸை நிறுத்தினால் முதல் நாள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எனக்கு அதற்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை, எத்தனையோ தடவை அந்த ஊரில் இறங்கியவள். ஈரத் தலையோடு வருகிற பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். முதல் தரம் பெயரைக் கேட்கமாட்டேன், புத்தகத்தைக் கையில் கொடுத்து விடுவேன், இரண்டாம் தரம் வரும்போது பெயரை எழுதுவேன் என்றேன். வயல் முடிந்து வருகிற ஆண்கள் புத்தகம் எடுக்க வெட்கப்படுவார்கள், அவர்களுக்குப் படிக்குப் பக்கத்தில் பத்திரிகை தொங்கவிடுவேன், பத்திரிகையைச் சாட்டி ஏறுகிறவர்கள் பிறகு உள்ளே வருவார்கள் என்றேன். தர்ஷன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லண்டன் அம்மா, "நல்லாச் சொல்லுறீங்கள்" என்றா. அது வாயும் குரலும் ஒன்றாக வந்த ஒரே இடம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தர்ஷன் பேனையை எடுத்தார்.

"கடைசிக் கேள்வி. வெளியில இன்னும் நாலு பேர் இருக்கினம். அவையை விட்டிட்டு ஏன் உங்களுக்குத் தரவேணும்?"

மறுமொழி நாக்கு நுனியில் இருந்தது. அப்போது வாசலில் தொங்கிய சீலைத் திரைக்குக் கீழே என் கண் போனது. நான் மடிப்புக் குத்திவிட்ட சேலையின் கரையும், இரண்டு சின்னச் செருப்பும் தெரிந்தன. அனோஜா அடுத்ததாக வந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஞானேஸ்வரி இருமினா. ஒரு மெல்லிய சீலைதான் நடுவில். நாங்கள் சொல்லுகிற ஒவ்வொரு சொல்லும் அங்கே கேட்கும். இப்போதுதான் அவவின் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். அவர்களை விட்டுவிட்டு எனக்குத் தாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"எனக்கே தரவேணும் எண்டில்லைத் தம்பி" என்றது என் வாய். "வெளியில இருக்கிறவை எல்லாரும் நல்ல பிள்ளையள். கஷ்டப்பட்டுப் படிச்சு வந்திருக்கினம். அவையில ஆருக்குக் குடுத்தாலும் நல்லதுதான்."

"அப்ப, வேற ஆளுக்குக் குடுத்தா உங்களுக்குப் பிரச்சினை இல்லையா?"

"எனக்கென்ன பிரச்சினை? சந்தோசம்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். நன்றி சொன்னார். மறுபடியும் எழுந்து நின்றார். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அனோஜா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஞானேஸ்வரி கண்ணால் சிரித்தா. கிளிநொச்சி பஸ் வருகிற நேரம் என்று ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

திரும்பி வரும்போது யன்னலோரம் இடம் கிடைத்தது. நான் பச்சை பஸ்ஸில் இருந்தேன். யன்னலுக்கு என்ன நிறத்தில் சீலை போடலாம், மழை நாளில் புத்தகங்களை எப்படி மூடலாம், சாரதியின் சாப்பாட்டை எங்கே வைக்கலாம் என்று எல்லாவற்றையும் தீர்மானித்து முடித்தேன். காட்டுக்குள் எங்கோ மயில் கத்தியது. அது கூட எங்களுக்காகத்தான் கத்தியது என்று நினைத்தேன்.

முறிகண்டியில் பஸ் நின்றது. அந்த வழியில் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போகாது. எல்லோரோடும் சேர்ந்து நானும் இறங்கிக் கும்பிட்டேன். திரும்பும்போது கச்சான் விற்கிற பேச்சியம்மா வழியை மறித்தா. மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம், வருடக்கணக்காக அந்த இடத்தில்தான் கடலை வறுக்கிறா.

"கச்சான் எடுங்கம்மா. இப்பதான் வறுத்தது, சூடா இருக்கு."

"வேண்டாமம்மா."

"வேணாமா? சும்மா ரெண்டு போட்டுப் பாருங்க" என்று ஒரு பிடியை அள்ளி என் கையில் வைத்துவிட்டா. சூடு உள்ளங்கையைச் சுட்டது. உடைத்து வாயில் போட்ட பிறகுதான் எவ்வளவு பசி என்று எனக்கே தெரிந்தது. நான் தின்கிற வேகத்தைப் பார்த்து அவ சிரித்தா.

"வேணாம்னு சொல்றவங்கள அப்படியே விட்டுட்டா நான் எப்படிம்மா யாவாரம் பண்றது? ஒருதரம் வேணாம்னு சொல்லத்தான் செய்வாங்க. மறுபடி கேக்கணும்."

உடைத்த கடலையை வாயில் போடாமல் நின்றேன். அந்தத் தம்பி மறுபடி கேட்கவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றதும் பிளாஸ்கை மூடி வைத்துவிட்டார். எங்கள் வீடுகளில் வந்தவர் வேண்டாம் என்றால் அதைக் காதில் வாங்காமல் தண்ணீரைக் கொதிக்க வைப்போம். கோயில் நிர்வாக சபைக்கு ஒருவரைத் தலைவராக வரச் சொன்னால், எனக்கு வேண்டாம், அவருக்குக் குடுங்கோ என்று இரண்டு தரம் தட்டிக்கழித்து, மூன்றாம் தரம்தான் ஒப்புக்கொள்வார். முதல் தரமே ஓம் என்கிறவரைச் சபையே ஒரு மாதிரிப் பார்க்கும். நான் சொன்னது அந்த முதல் வேண்டாம். அவர் அதைத் தாளில் எழுதியே விட்டார்.

அந்த இடத்திலேயே நின்று றாபியாவுக்கு அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அடி விசரி" என்றாள். "அவன் அங்க வளந்த பிள்ளை. இல்லை எண்டா அவைக்கு இல்லைதான். உனக்கு விருப்பமில்லை எண்டு எழுதியிருப்பான்."

"இப்ப நான் என்ன செய்ய?"

"என்ன செய்யிறது, முடிஞ்சுது. நேர்முகம் முடிஞ்சு வந்தாப் பிறகு திரும்பிப் போற வழக்கம் எங்கையும் இல்லை. அதுக்கு என்னட்டை ஒரு அறிவுரையும் இல்லை, சுகந்தி."

என் பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய் நின்றேன். மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போகிற பஸ் வருவதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகியது. அவ்வளவு நேரமும் எனக்கு ஒரு கனவும் வரவில்லை. வெயில் மட்டும் இருந்தது.

மாங்குளத்தில் அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேரும்போது வாங்கு வெறுமையாக இருந்தது. சாரதி இளையதம்பியண்ணை பச்சை பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே தர்ஷன் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"எதையும் விட்டிட்டுப் போட்டீங்களா அக்கா?"

"ஓம் தம்பி. சொல்லவேண்டியதைச் சொல்லாமப் போட்டன். எனக்கு இந்த வேலை வேணும்."

அவர் என்னைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார், பிறகு பெருமூச்சு விட்டார்.

"நீங்கள் ஒரு ஆளாவது வந்து சொல்லுறீங்கள். அஞ்சு பேரைக் கூப்பிட்டன் அக்கா. அஞ்சு பேரும் தங்களுக்கு வேண்டாம் எண்டிட்டினம். இஞ்ச ஒருத்தருக்கும் இதில விருப்பமில்லை, பஸ்ஸை வேற மாவட்டத்துக்கு அனுப்புவம் எண்டு லண்டனில சொல்லுறா. பின்னேரம் மீட்டிங்."

"மற்ற நாலு பேரும் என்ன சொன்னவை?"

தாளைத் திருப்பிப் பார்த்து வாசித்தார். ஞானேஸ்வரி, முதல் வந்த அக்காவுக்குக் கொடுங்கள் என்றிருக்கிறா. துணுக்காய்ப் பிள்ளைகள் ஒருத்தி மற்றவளைச் சொல்லியிருக்கிறாள், மற்றவள் ஞானேஸ்வரியைச் சொல்லியிருக்கிறாள். அனோஜா சொன்னதைத் தர்ஷன் அப்படியே எழுதி வைத்திருந்தார்: சுகந்தினி அக்காவுக்கு வயது முடியுது, எனக்கு இன்னும் காலம் இருக்கு, அவாவுக்குக் குடுங்கோ.

கேட்காமலே கதிரையில் விழுந்தேன். நான்தான் முதலில் போனவள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து நான் சொன்னதைக் கேட்ட பிறகு, அந்தப் பிள்ளைகள் எந்த வாயால் தங்களுக்கு வேண்டும் என்று சொல்வார்கள்? பாடமாக்கிக் கொடுத்ததும் நான், அதைக் கெடுத்ததும் நான்.

"அப்ப உங்களுக்கு விருப்பம் எண்டு மாத்தி எழுதுறன்" என்றார் தர்ஷன். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. "மற்ற ஆக்களுக்கு விருப்பமில்லைத்தானே. மீட்டிங்கில உங்கட பேரையே சொல்லுறன்."

பேனை தாளில் தொட்டுக்கொண்டு நின்றது. யன்னலால் பச்சை பஸ் தெரிந்தது. இளையதம்பியண்ணை துடைத்த கண்ணாடியில் வேப்பமரம் விழுந்து ஆடியது. சொல்லிப்போட்டு வாயை மூடு என்று றாபியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். இனி வாயை மூடவேண்டியதுதான் மிச்சம். மூடினேன். பஸ் கிளம்பியது, தேக்கங்காடு வந்தது, சந்தி வந்தது. படியில் ஏறப் பயந்து ஒரு பிள்ளை நின்றது. நான் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினேன். இந்த முறை எனக்குக் கண் கலங்கவில்லை. மற்றப் பக்கம் அனோஜா நின்றாள், கையில் ரொட்டித் துண்டோடு.

"தம்பி, எழுதாதேங்கோ" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"அந்த நாலு பேரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அவைக்கும் வேணும். விடிய நாலு மணிக்கு எழும்பிச் சேலை உடுத்து வாறது வேண்டாம் எண்டு சொல்லவே? இஞ்ச முதல் தரம் கேட்டா அப்பிடித்தான் சொல்லுவம். எனக்குத் தாங்கோ எண்டு மற்ற ஆக்களுக்கு முன்னால வாய் வராது. பக்கத்தில இருக்கிறவருக்குக் குடுங்கோ எண்டுதான் சொல்லுவம். நீங்கள் திருப்பிக் கேக்கோணும். காலமை நான் தேத்தண்ணி வேண்டாம் எண்டனே, நான் விடிய நாலு மணிக்குப் பிறகு ஒண்டும் குடிக்கேல்லை."

தர்ஷன் பிளாஸ்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. பாவம், பெற்றோர் எல்லாச் சொல்லையும் சொல்லிக் கொடுத்தவர்கள் இதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

"அப்ப அஞ்சு பேரையும் திருப்பிக் கேக்க வேணுமா?"

"கேக்கத்தான் வேணும். நம்பர் இருக்குத்தானே, எடுத்துக் கேளுங்கோ. ஒருதரம் விடாமல் ரெண்டு தரம் கேளுங்கோ." என் கை சேலைத் தலைப்பைத் திருகியது, நான் அதை மறைக்கவில்லை. "ஆனா முதல் என்னைக் கேளுங்கோ."

அவர் கதிரையை இழுத்து நேராக இருந்தார். பழைய தாளை ஒதுக்கி, புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே என் பெயரை எழுதினார்.

"சுகந்தினி அக்கா, மற்ற நாலு பேரையும் விட்டிட்டு ஏன் உங்களுக்கு..."

"எனக்கு வேணும்" என்றேன்.

கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. நாற்பது வயது வரப்போகிற ஒரு பெண், இன்னொருவரை முன்னால் தள்ளாமல், பிறகு பார்ப்போம் என்று சொல்லாமல், ஒன்றைத் தனக்கென்று கேட்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று, இன்னொரு தரம் சொன்னேன்.